கிளிப் போட்ட பல்ல ஈறு வந்து மூடுறது ஏன்?

போன டிசம்பர்ல ஒரு நாள் காலைல, ஏற்காட்டுக் குளிர்ல பைப் தண்ணி பட்டாலே கை விறைச்சுப் போற நேரம், என் பொண்ணு பல் விளக்கிட்டு துப்புன எச்சில் முழுக்க ரத்தம். வாயத் திற கண்ணுன்னு செல்போன் லைட் அடிச்சுப் பாத்தா மேல் முன்பல் நாலுலயும் ரெண்டு பல்லுக்கு நடுவுல ஈறு முக்கோணமா உப்பிக்கிட்டு நிக்குது, கோரைப்பல்லுல பிராக்கெட், அதான் வயர் மாட்ட பல்லு மேல ஒட்டுற சின்னக் கட்டை, பாதி தெரியவே இல்ல, ஈறு வந்து மேல படுத்துக்கிச்சு. அவளுக்கு அப்ப 14 வயசு, பல்ல வரிசைப்படுத்த கிளிப் போட்டு 7 மாசம் ஆகியிருந்துச்சு.

வீட்ல ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. எங்க அத்தை, "சதை வளந்துருச்சு அம்மிணி, கம்பி இவளுக்கு ஒத்துக்கல, கழட்டிப் போடச் சொல்லு"ன்னாங்க. பக்கத்து வீட்டு அக்கா, "அழுத்தித் தேய்ச்சிருப்பா, ரெண்டு வாரம் அந்தப் பக்கம் பிரஷ்ஷே கொண்டு போகாம உப்புத் தண்ணி மட்டும் கொப்பளிக்கச் சொல்லுங்க"ன்னாங்க. நான் அக்கா பேச்சக் கேட்டேன். ரத்தம் வர்ற இடத்த தேய்க்காம விட்டா ஆறிடும்னு தோணுறது இயல்புதானே, கைல காயம் பட்டா அப்படித்தான விடுறோம். ரெண்டு வாரம் கழிச்சு மலை இறங்கி சேலத்துல டாக்டர் கிட்ட காட்டுனப்ப வீக்கம் இன்னும் அதிகமாயிருந்துச்சு. அவங்க ஒரே வார்த்தைதான் சொன்னாங்க, "ரத்தம் வர்ற இடம்தாம்மா பிரஷ் சரியா போகாத இடம், நீங்க அந்த இடத்தையே விட்டுட்டீங்க."

அந்த வார்த்தைதான் என்னைய இதப் பத்தி தேடித் தேடி படிக்க வெச்சுது, டாக்டர் கிட்ட போறப்பல்லாம் கேள்வி கேட்டு நச்சரிக்க வெச்சுது. இப்ப சேலத்துல அஞ்சு ரோடு, சொர்ணபுரி, அஸ்தம்பட்டி எந்தப் பக்கம் போனாலும் கிளிப் போட்ட பிள்ளைங்கள பாக்குறோம், ஸ்கூல்ல ஒரு கிளாஸுக்கு நாலஞ்சு பேராவது இருக்காங்க, ஆனா இந்த ஈறு விஷயம் மட்டும் வந்த பிறகுதான் பல பேருக்கு தெரியவருது. போடுறதுக்கு முன்னாடியே யாராச்சும் எனக்கு இத உக்கார வெச்சு விளக்கியிருந்தா அந்த ரெண்டு வாரத்த நான் வீணாக்கியிருக்க மாட்டேன்.

முதல்ல நல்ல ஈறு எப்படி இருக்கும்னு தெரிஞ்சாதான் கெட்டது தெரியும். ஆரோக்கியமான ஈறு பல்ல இறுக்கிக் கவ்வியிருக்கும், ஓரம் மெல்லிசா கத்தி முனையாட்டம் இருக்கும், தொட்டா ரத்தம் வராது. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல 1ல இருந்து 3 மில்லிமீட்டர் வரைக்கும் சின்னதா ஒரு பள்ளம் இருக்கும், அது எல்லாருக்கும் உள்ளதுதான். இந்தப் பள்ளத்தோட வாயில, பல்லும் ஈறும் சேர்ற கோட்டுல, வெள்ளையா வழவழன்னு ஒண்ணு படியும், நகத்தால சுரண்டுனா வரும், அதுதான் பிளேக். சாப்பாட்டு மிச்சம்னு நாம நினைக்கிறோம், உண்மைல அது உயிரோட இருக்கற பாக்டீரியா கூட்டம், ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டி பசை மாதிரி வீடு கட்டிக்கிட்டு உக்காந்திருக்கும். கொப்பளிச்சா போகாது, தேய்ச்சாதான் போகும். அப்படியே விட்டா எச்சில்ல இருக்கற உப்பு சேர்ந்து கல்லு மாதிரி இறுகி காரையாயிடும், அப்பறம் பிரஷ்ஷாலயும் போகாது, டாக்டர் கிட்ட போய் ஸ்கேலிங்தான்.

பிளேக்குக்கும் ஈறு வீக்கத்துக்கும் நேரடி சம்பந்தம் இருக்குன்னு காட்டுனது 1965ல ஹரால்ட் லோ-ங்கற பல் டாக்டரும் அவரு கூட இருந்தவங்களும் டென்மார்க்ல ஆர்ஹுஸ் நகரத்துல பண்ணுன ஒரு சோதனை. நல்ல ஈறு இருக்கற 12 பேர பல் விளக்கறத சுத்தமா நிறுத்தச் சொன்னாங்க, பெரும்பாலும் பல் மருத்துவம் படிக்கற பிள்ளைங்க. 10 நாள்ல இருந்து 21 நாளுக்குள்ள அத்தன பேருக்கும் ஈறு வீங்குச்சு. திரும்ப விளக்க ஆரம்பிச்சதும் ஒரு வாரம் பத்து நாள்ல அடங்கிடுச்சு. இத படிச்சப்ப எனக்கு மனசு கனத்துப் போச்சு, ஏன்னா நானும் என் பொண்ணுக்கு அதே சோதனையத்தான் பண்ணியிருக்கேன், அதுவும் ஏற்கனவே வீங்கியிருந்த ஈறுல.

சரி, இது எல்லாருக்கும் பொதுவானது. கிளிப் போட்டவங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு? பல்லோட முன்பக்கம் இயற்கையா வழுக்குப் பாறை மாதிரி, நாக்கும் உதடும் எச்சிலும் உரசி உரசி ஓரளவு தானே சுத்தமாகிக்கிட்டு இருக்கும். அது மேல ஒரு பிராக்கெட்ட ஒட்டி, அதுல வயர மாட்டி, வயர புடிக்க சின்ன ரப்பர் வளையம் போட்டா ஒவ்வொரு பல்லுலயும் ஒளிஞ்சுக்க எத்தனையோ மூலை உருவாகுது. அதுலயும் ஈறுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவுல இருக்கற அந்த ரெண்டு மூணு மில்லிமீட்டர் சந்துதான் எல்லாத்தவிட மோசம், பிரஷ்ஷோட முடி பிராக்கெட்ல முட்டி நின்னுரும், உள்ள போகாது. கடவாய்ப் பல்லுக்கு மோதிரம் மாதிரி பேண்ட் போட்டிருந்தா அதோட ஓரம் ஈறுக்குள்ளயே இறங்கி இருக்கும், அங்க இன்னும் சிரமம். பிராக்கெட் ஒட்டுற பசை கொஞ்சம் வழிஞ்சு ஈறு பக்கம் சொரசொரப்பா நின்னுட்டாலும் அது மேல பிளேக் ஜோரா புடிக்கும், அத டாக்டர்தான் பாத்து வழிச்சு விடணும். அதனால 1972லயே நார்வேல ஸாக்ரிஸன் குழு எழுதுனது என்னன்னா, நல்லா பல் விளக்கற பிள்ளைங்களுக்குமே கிளிப் போட்டு ஒண்ணு ரெண்டு மாசத்துல ஈறு கொஞ்சம் சிவந்து தடிக்கத்தான் செய்யுதுன்னு. இத நான் அழுத்திச் சொல்ல விரும்புறேன், ஏன்னா ஈறு வீங்குனதும் முதல்ல திட்டு வாங்கறது பிள்ளைங்கதான், "ஒழுங்கா பல் விளக்குனியா நீ"ன்னு. அந்தப் பிள்ள காலைல சாயங்காலம் விளக்கியிருக்கும், ஆனா அந்தச் சந்துக்குள்ள எப்படி போறதுன்னு யாரும் காட்டியிருக்க மாட்டாங்க.

வீக்கம் வேற, வளர்ச்சி வேற, இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ரொம்ப முக்கியம்னு எனக்குத் தோணுது. பாக்டீரியா உக்காந்ததும் உடம்பு சண்டைக்கு ஆள் அனுப்புது, ரத்தக்குழாய் விரியுது, நீர் கசியுது, ஈறு சிவந்து பளபளன்னு மெத்துன்னு ஆகுது, லேசா தொட்டாலே ரத்தம். இந்தக் கட்டத்துல இருக்கறது நீர் கோத்த வீக்கம், சுத்தம் பண்ணுனா வத்திரும். ஆனா மாசக்கணக்கா அந்தச் சண்டை ஓயாம நடந்தா, ஈறுல நார் பின்னுற செல்லுங்க புதுசு புதுசா நார் பின்னி வெச்சிரும், அப்ப ஈறு இளஞ்சிவப்பா கெட்டியா ஆகிடும், ரத்தம்கூட குறைஞ்சிரும், வலியும் இருக்காது, நாமளும் பரவால்ல சரியாயிருச்சுன்னு நினைச்சுக்குவோம். வெண்டைக்கா பிஞ்சா இருக்கறப்ப ஒடிச்சா டப்புனு ஒடியும், முத்திப் போனா நாரு, எவ்வளவு வேக வெச்சாலும் நாருதான். அது மாதிரி முத்தின ஈறு வெறும் கிளீனிங்ல முழுசா இறங்காது. அதனாலதான் முதல் மாசத்துலயே பிடிச்சா பிரஷ்ஷோட முடியும்கறது, வருஷக்கணக்குல விட்டா வெட்டணும்கற வரைக்கும் போயிடுது.

வயசும் சேர்ந்துக்குது. பெரும்பாலும் கிளிப் போடுறது 11ல இருந்து 16க்குள்ள, பிள்ளைங்க வயசுக்கு வர்ற காலம். அந்த நேரத்துல உடம்புல ஊறுற ஹார்மோன் ஈறோட ரத்தக்குழாய இளக்கிடுது, அதோட பிரிவோடெல்லா இன்டர்மீடியான்னு ஒரு பாக்டீரியா அந்த ஹார்மோனையே சாப்பாடா எடுத்துக்கிட்டு பெருகுதாம். அதனால பெரியவங்களுக்கு லேசா சிவக்க வெக்கிற அதே அளவு பிளேக் இந்த வயசுல ஈற உப்ப வெச்சிருது. என் பொண்ணுக்கு மாசவிலக்கு வர்றதுக்கு முன்னாடி நாலஞ்சு நாள் ஈறு இன்னும் கொஞ்சம் தடிச்சுப் போறத நானே கண்ணால பாத்திருக்கேன்.

எங்க மலைல இன்னொண்ணும் இருக்கு, வாயால மூச்சு விடுறது. இங்க பனியும் மூடுபனியும் புடிச்சா பாதி பிள்ளைங்களுக்கு மூக்கடைப்பு, ராத்திரி வாயத் திறந்துதான் தூங்குவாங்க. அதோட முன்பல் துருத்திக்கிட்டு இருக்கறவங்களுக்கு உதடே முழுசா மூடாது, அந்தப் பிள்ளைங்கதான் கிளிப் போட வர்றதும். காத்து நேரா மேல் முன்பல் ஈறுல பட்டு பட்டு காஞ்சு போகுது, எச்சிலோட காவல் அந்த இடத்துல இல்லாம போயிடுது, அதான் மத்த இடத்தவிட மேல் முன்பக்கம் மட்டும் அதிகமா வீங்குது. டாக்டர் முதல்ல கேட்ட கேள்வியே "ராத்திரி குறட்டை விடுறாளா, வாயத் திறந்து தூங்குறாளா"ன்னுதான், எனக்கு அப்ப ஏன் கேக்குறாங்கன்னு புரியல. படுக்கறப்ப ஈறு மேல லேசா வாசலின் தடவிக்கச் சொன்னாங்க, மூக்கடைப்புக்கு காது மூக்கு தொண்டை டாக்டர தனியா பாக்கச் சொன்னாங்க.

அடுத்தது எங்க அத்தை சொன்ன "கம்பி ஒத்துக்கல". இத ஒரேயடியா தள்ளிட முடியாது, சேலத்துக்காரங்களுக்கு இது சீக்கிரம் புரியவும் செய்யும். நம்ம ஊரு ஸ்டீல் பிளான்ட்ல 1980கள் தொடக்கத்துல இருந்து உருட்டுற துருப்பிடிக்காத தகடு இருக்கே, சமையல்கட்டு டம்ளர்ல இருந்து எல்லாம் பண்ற அந்த வகை, அதுல கிட்டத்தட்ட 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்திருக்கும். பிராக்கெட்டும் பேண்டும் அதே குடும்பத்து ஸ்டீல்தான். ஆரம்பத்துல போடுற மெல்லிசான வளையற வயர் இருக்கே, எப்படி வளைச்சாலும் பழைய வடிவத்துக்கே திரும்பறது, அது நிக்கல் டைட்டானியம், அதுல பாதிக்கும் மேல நிக்கல்தான். அமெரிக்கக் கடற்படையோட ஆய்வுக்கூடத்துல கண்டுபிடிச்ச உலோகம் அது, 1970கள்ல பல்லுக்கு வந்துச்சு. எச்சில், புளிப்பு, பிளேக்ல ஊறுற அமிலம் எல்லாம் பட்டு இந்த உலோகங்கள்ல இருந்து ரொம்பக் கொஞ்சமா நிக்கல் கரைஞ்சு வரும், அது நாம தினம் சாப்பாட்டுல எடுத்துக்கறத விடக் கம்மிதான், நிலக்கடலை, பருப்பு, டீ எல்லாத்துலயும் நிக்கல் இருக்கு. ஆனா ஈறுக்குப் பக்கத்துலயே மாசக்கணக்கா அந்தக் கொஞ்சம் விடாம பட்டுக்கிட்டே இருக்கறது மேல்தோல் செல்லுங்கள பெருக வெக்கலாம்னு ஆய்வுக்கூடத்துல பாத்திருக்காங்க. அதனாலதான் சில பிள்ளைங்க நல்லா சுத்தமா வெச்சிருந்தும் ஈறு தடிக்குதுன்னு ஒரு கருத்து.

நிக்கல் அலர்ஜி உண்மையிலேயே இருக்கறவங்களுக்கு வேற அடையாளங்கள் இருக்கும். கவரிங் கம்மல் போட்டா காது அரிச்சு நீர் வடியும், வாட்ச் பட்டை இடத்துல, ஜீன்ஸ் பட்டன் படுற இடத்துல தொப்புள்கிட்ட தடிப்பு வரும், பொம்பளைங்களுக்குத்தான் இது அதிகம், சின்ன வயசுல காது குத்தி கண்ட உலோகத்தையும் போடுறதால. அப்படி இருந்தா கிளிப் போடுறதுக்கு முன்னாடியே சொல்லிடணும், நிக்கல் இல்லாத டைட்டானியம் பிராக்கெட், செராமிக், வேற வயர்னு வழி இருக்கு. என் பொண்ணுக்கு கவரிங் போட்டும் எந்த அரிப்பும் வந்ததில்ல, அதனால எங்க விஷயத்துல கம்பி மேல பழி போடுறதுக்கு முகாந்திரம் இல்ல. அத்தைக்கு இத நான் பொறுமையா விளக்குனப்ப "அப்ப எவர்சில்வர் டம்ளர்ல காப்பி குடிக்கறமே"ன்னு கேட்டாங்க, நியாயமான கேள்வி, காப்பி ரெண்டு நிமிஷம், கிளிப் ரெண்டு வருஷம்னு சொன்னதும் புரிஞ்சுக்கிட்டாங்க.

மாத்திரை விஷயம் இதவிட முக்கியம். வலிப்புக்கு குடுக்கற பினைட்டாயின், நம்ம ஊர்ல எப்டாயின்னு சொல்லி வாங்குறது, அது பல்லே தெரியாம மூடிப் போற அளவுக்கு ஈற வளர வெக்கும்னு 1939லயே எழுதிட்டாங்க, சாப்பிடுறவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஏதோ ஒரு அளவுல வருது. கிட்னி மாத்துனவங்க சாப்பிடுற சைக்ளோஸ்போரின், பிரஷருக்கு குடுக்கற நிஃபெடிபின், அம்லோடிபின் இதெல்லாமும் இதே வேலைய செய்யும். இப்ப வேலைக்குப் போற வயசுல, 30, 40ல கிளிப் போடுறவங்க நிறைய, அதுல பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்களும் இருப்பாங்க. பல் டாக்டர் கிட்ட எதுக்கு பிரஷர் மாத்திரைய சொல்லணும்னு விட்டுராதீங்க. அதே சமயம் ஈறு வளருதுன்னு யாரும் வலிப்பு மாத்திரைய தானா நிறுத்தவே கூடாது, ஒரு வேளை தவறுனாலும் வலிப்பு வந்துரலாம், மாத்திரை குடுத்த டாக்டரும் பல் டாக்டரும் பேசி மாத்தறதுன்னா மாத்தட்டும். மாத்திரையால வர்ற வளர்ச்சிலகூட பிளேக் இல்லாத இடத்துல ரொம்ப கம்மியாத்தான் வளருது, அதனால அவங்களுக்கும் பிரஷ்தான் முதல் மருந்து.

இப்ப அந்த சுழல் எப்படி சுத்துதுன்னு பாருங்க. ஈறு வீங்குது, வீங்குனதால பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல இருந்த 2 மில்லிமீட்டர் பள்ளம் 5, 6 ஆகுது. கீழ எலும்பு ஒண்ணும் கரையல, ஈறு மேல வந்ததால ஆன ஆழம் அது, பொய்ப் பைன்னு டாக்டர் சொன்னாங்க. ஆனா பொய்யோ நிஜமோ அதுக்குள்ள போன பாக்டீரியாவுக்கு நல்ல இடம், காத்து இல்ல, பிரஷ் வராது. அதனால இன்னும் வீங்குது. தொட்டா ரத்தம் வருது, பிள்ள பயந்து அந்த இடத்த லேசா தடவிட்டு விட்டுருது, அதனால இன்னும் வீங்குது. பிராக்கெட் மூடிக்கிட்டதால டாக்டருக்கு வயர் மாட்ட சிரமம், சில பல்லு நகர மாட்டேங்குது, பல் புடுங்குன இடத்த மூட பவர் செயின், அதான் பல்லுங்கள சேர்த்து இழுக்கற ரப்பர் சங்கிலி, போட்டா ரெண்டு பக்கமும் ஈறு மடிஞ்சு குவிஞ்சு நடுவுல நிக்குது, 18 மாசத்துல முடிய வேண்டியது 2 வருஷம் தாண்டுது. கிளிப் வாயில இருக்கற மாசம் கூடக் கூட ஈறும் அந்தளவுக்கு தடிக்குது.

எங்களாட்டம் மலைல இருக்கறவங்களுக்கு இந்த சுழல்ல இன்னொரு வளைவு உண்டு, அதுவும் 20 கொண்டை ஊசி வளைவு. மாசம் ஒரு தடவ டைட் பண்ண கீழ போகணும், போக வர அரை நாள் போயிரும், பஸ்ல பாதிப் பேருக்கு குமட்டல். மே மாசம் கோடை விழா சமயத்துல மலைப்பாதைல வண்டி நகராது, மழைக்காலத்துல எங்கயாச்சும் மண் சரிஞ்சா அன்னைக்கு போக்குவரத்தே கிடையாது, பரீட்சைன்னா ஸ்கூல்ல லீவு கிடையாது. அப்படி நாங்க ஜூலைல ஒரு தடவ, அக்டோபர்ல ஒரு தடவ போகாம விட்டோம். அந்த ரெண்டு மாசமும் ஈற பாக்க ஒரு ஆள் இல்லாம போச்சு, இத நான் இப்பத்தான் கணக்குப் போட்டுப் பாக்குறேன். டைட் பண்றது ஒரு வாரம் தள்ளிப் போனா பெருசா ஒண்ணுமில்ல, ஆனா ஈறு அதுக்காக காத்துக்கிட்டு இருக்காது.

எங்களுக்கு என்ன பண்ணுனாங்கன்னு சொல்றேன். வயர மொத்தமா கழட்டுனாங்க, அது இல்லாம பாத்தா எவ்வளவு காரை உள்ள நிக்குதுன்னு கண்ணாடில எனக்கும் காட்டுனாங்க. ஈறு டாக்டர் ஸ்கேலிங் பண்ணுனாங்க, பேண்ட் ரெண்ட எடுத்துட்டு அதுக்குப் பதிலா ஒட்டுற டியூப் மாத்துனாங்க. குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் 2 வாரத்துக்கு மட்டும், பல் விளக்கி அரை மணி நேரம் கழிச்சுத்தான் கொப்பளிக்கணும், பேஸ்ட்ல இருக்கற நுரை வர வெக்கற பொருள் அதோட வேலைய கெடுத்துரும்னாங்க. அத மாசக்கணக்கா கொப்பளிச்சா பல்லுல பழுப்பு கறை ஏறும், நாக்குல ருசி மாறும், அதனால கடைல வாங்கி நாமளா தொடரக் கூடாது. உப்புத் தண்ணி வேண்டாம்னு யாரும் சொல்லல, வெதுவெதுப்பா கொப்பளிச்சா எரிச்சலுக்கு இதம், ஆனா பிளேக்க அது நகத்தாது. கிராம்பு எண்ணெய பஞ்சுல நனைச்சு ஈறுல வெக்கறது மட்டும் வேண்டாம், தோலு வெந்துரும்.

வயர் இல்லாத அந்த 3 வாரத்துலயே முக்கால்வாசி வீக்கம் இறங்கிருச்சு. மெத்துன்னு செவப்பா இருந்ததெல்லாம் வத்திப் போச்சு, கெட்டியா இளஞ்சிவப்பா இருந்தது ரெண்டு கோரைப்பல்லு கிட்ட மட்டும் நின்னுருச்சு. பிஞ்சும் முத்தலும் ஒரே வாயில பக்கத்துல பக்கத்துல இருக்கறத அப்பத்தான் பாத்தேன்.

வெட்டறது பத்தி. ஈறு மிச்சம் நிக்கறத மரக்க ஊசி போட்டு கத்தியாலயோ, டையோட் லேசராலயோ சீவி வடிவம் பண்ணுவாங்க. லேசர்ல ரத்தம் கம்மி, தையல் கிடையாது, மேல்தோல் ஒண்ணு ரெண்டு வாரத்துல மூடிரும். கேக்க பயமா இருந்தாலும் பிள்ளைங்க தாங்கிக்கறாங்க. ஆனா ரெண்டு விஷயம் பாக்காம யாரும் அவசரப்படக் கூடாது. ஒண்ணு, எலும்போட கிட்ட வரைக்கும் கெட்டி ஈறு போதுமான அகலம் இருக்கணும், இல்லாட்டி சீவுனா பின்னாடி வேர் தெரிய ஆரம்பிச்சுரும், அப்படி இருந்தா வேற விதமான ஆபரேஷன். இன்னொண்ணு, காரணம் அப்படியே இருக்கறப்ப சீவுனா திரும்ப வளரும். பிளேக் இருக்கு, கிளிப் இருக்கு, வாய்மூச்சு இருக்கு, வெட்டி மட்டும் என்ன பிரயோஜனம்? அதனால பல்லு நகர்றதுக்கே தடையா இருந்தாலோ, பிராக்கெட் ஒட்ட இடமே இல்லாட்டியோதான் நடுவுல சீவறது, மத்தபடி கிளிப் கழட்டி 3ல இருந்து 6 மாசம் பொறுத்துப் பாத்து, தானா இறங்காத மிச்சத்த மட்டும் எடுக்கறது. கழட்டுன பிறகு நிறையப் பேருக்கு பெரும்பகுதி தானாவே இறங்கிருது, அத காத்திருந்து பாக்காம முன்னாடியே காசு கட்டி வெட்டிக்கறது எனக்கு சரியாப் படல.

இனி பிரஷ். நான் இதுல கொஞ்சம் நீட்டி எழுதுறேன், ஏன்னா எங்க வீட்ல வித்தியாசம் பண்ணுனது இதுதான். சாஃப்ட் பிரஷ், அத ஈறும் பல்லும் சேர்ற கோட்டுல சாய்ச்சு 45 டிகிரில வெச்சு, முடி ஈறோட ஓரத்துக்குள்ள லேசா நுழையற மாதிரி, இருந்த இடத்துலயே சின்னச் சின்னதா அசைக்கணும், ரெண்டு ரெண்டு பல்லா. இது பிராக்கெட்டுக்கு ஈறு பக்கம். அப்பறம் பிரஷ்ஷ எதிர்ப்பக்கம் சாய்ச்சு பிராக்கெட்டுக்கு கடிக்கிற பக்கம். அதுக்கப்பறம் பாட்டில் கழுவுற பிரஷ்ஷ குட்டியா பண்ணுன மாதிரி இருக்கற இன்டர்டென்டல் பிரஷ்ஷ வயருக்கு அடில விட்டு, ரெண்டு பிராக்கெட்டுக்கு நடுவுல மேலயும் கீழயும் உரசணும். முதல் நாலஞ்சு நாள் ரத்தம் வரும், வந்தாலும் விடக்கூடாது, வாரம் முடியறதுக்குள்ள குறையறத நீங்களே பாப்பீங்க, குறையலன்னாதான் டாக்டர். குளிர் காலத்துல பைப் தண்ணில கூச்சம் தாங்காம அவ அவசர அவசரமா முடிச்சுட்டு ஓடுறான்னு தெரிஞ்ச பிறகு ஒரு சொம்பு வெதுவெதுப்பான தண்ணி வெச்சிருவேன், அது ஒண்ணே அவள கண்ணாடி முன்னாடி 5 நிமிஷம் நிக்க வெச்சுது. முடி விரிஞ்சு போன பிரஷ் பிரயோஜனமில்ல, கிளிப்ல உரசி மாசம் ஒண்ணு போயிரும். எங்க மாமனாராட்டம் வேப்பங்குச்சியும் பல்பொடியும் வயருக்கு அடில போகாது, குச்சி பட்டு பிராக்கெட் பேந்து வந்ததும் உண்டு.

சாப்பாட்டுல, சேலத்துக்காரங்க விடமாட்டாங்கன்னு தெரியும், தட்டுவடை செட். தட்டை கடிக்கறப்ப பிராக்கெட் பேரும், உள்ள வெச்ச பீட்ரூட் கேரட் துருவல் வயர்ல சுத்திக்கும். ஆனா ஈறுக்கு அதவிட கெடுதல் ஒட்டிக்கற மாவுச்சத்து, ஜவ்வரிசி வடகமும் மரவள்ளி சிப்ஸும்தான் நம்ம பக்கம் வீட்டுக்கு வீடு, மென்னு மாவாகி பிராக்கெட்ட சுத்தி அப்பிக்கும், கூட இனிப்பும் சேர்ந்தா பல்லோட எனாமலும் கரைய ஆரம்பிச்சு 4 வாரத்துலயே பிராக்கெட்ட சுத்தி வெள்ளத் திட்டு விழும். ஈறு வந்து மூடியிருந்தா அந்தத் திட்டு கிளிப் கழட்டுற வரைக்கும் கண்ணுக்கே தெரியாது. சாப்பிட வேண்டாம்னு நான் சொன்னதில்ல, சாப்பிட்டா தண்ணி ஊத்திக் கொப்பளிக்கணும், அன்னைக்கு ராத்திரி வயருக்கு அடில பிரஷ் விடாம படுக்கக் கூடாதுன்னு மட்டும்தான்.

எல்லா ஈறு வீக்கமும் கிளிப்பால வர்றதுன்னும் நினைச்சுராதீங்க. ஒரே ஒரு இடத்துல மட்டும் செவப்பா உருண்டையா கட்டி மாதிரி தொங்குனா அது வேற. வாய் முழுக்க சில வாரத்துலயே திடீர்னு வீங்கி, கூடவே காய்ச்சல், உடம்பு வெளுத்து சோர்வு, காரணமில்லாம தோல்ல நீலம் பாரிச்ச திட்டுன்னு இருந்தா அன்னைக்கே ரத்தப் பரிசோதனை பண்ணணும், சில ரத்தப் புற்றுநோய் முதல்ல ஈறுலதான் தெரியும். அபூர்வம்தான், ஆனா பல் டாக்டர் கிட்ட நேரம் கிடைக்கட்டும்னு மாசக்கணக்கா காத்திருக்கற விஷயம் இல்ல அது. தாத்தா பாட்டில இருந்தே ஈறு தடிப்பா இருக்கற குடும்பங்களும் உண்டு, அத முதல் நாளே சொல்லணும்.

என் பொண்ணுக்கு திரும்ப வயர் மாட்டி இப்ப 5 மாசம் ஆகுது. மேல் முன்பல் நாலும் ஓரம் மெல்லிசா, தொட்டா ரத்தம் இல்லாம இருக்கு. கோரைப்பல்லு ரெண்டுலயும் அந்தக் கெட்டி ஈறு இன்னும் ஒரு மில்லிமீட்டர் போல பல்லு மேல வழிஞ்சு நிக்குது, சிரிச்சா எனக்கு மட்டும் தெரியும். லேசர்ல இப்பவே சீவிரலாமான்னு அவ கேட்டா, டாக்டர் கிளிப் கழட்டி ஆறு மாசம் போகட்டும் பாப்பா, அப்ப பாக்கலாம்னாங்க. அதுவரைக்கும் மாசா மாசம் 20 வளைவும் இறங்கறோம், ஒரு மாசம்கூட விடறதில்ல.